கணினி ஒரு நாட்டில், வழக்கு மறுநாட்டில்: இணையப் பதிப்புரிமை மீறலுக்காக ஒருவரை ஒப்படைப்பது நியாயமா?

பதிவு 1 | பிழைதிருத்தி

ரிச்சர்ட் ஓ'டுவயர் வழக்கைப் பற்றி வேறோர் இழையில் பேச்சு எழுந்து, தலைப்புக்குப் புறம்பானது என்று நிறுத்தப்பட்டது. ஆகவே அதற்கென்றே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு ஹாலம் பல்கலைக்கழக மாணவரான அவர், 2007 டிசம்பரில், தமது 19ஆம் வயதில், டிவிஷேக் என்ற தளத்தைத் தொடங்கினார். படமோ தொடரோ எதுவும் அந்தத் தளத்தில் சேமித்து வைக்கப்படவில்லை. அவை வேறெங்கோ இருந்தன, அவற்றுக்கு இட்டுச்செல்லும் இணைப்புகளின் பட்டியல்தான் அங்கே இருந்தது. விளம்பரங்களின் வழியாக அவருக்கு 2,30,000 டாலருக்கு மேல் கிடைத்தது என்று அமெரிக்க அரசுத் தரப்பு கூறியது. 2010 ஜூனில் அமெரிக்கக் குடிவரவு, சுங்க அமலாக்க முகமை அத்தளத்தின் டாட் நெட் முகவரியைக் கைப்பற்றியது. அவர் உடனே டாட் சிசி முகவரிக்கு மாறினார். அதே ஆண்டு நவம்பரில் பிரிட்டிஷ் காவலர்கள் அமெரிக்க அதிகாரிகளுடன் அவரைத் தேடி வந்தனர். 2011 மே மாதம் அவர் காவல் நிலையத்துக்குச் சென்றபோது, பிரிட்டனில் அவர்மீது வழக்கு எதுவும் தொடரப்போவதில்லை என்று தெரிவித்தார்கள். அந்த நிம்மதி அடங்குவதற்குள்ளேயே, அமெரிக்கா அவரை ஒப்படைக்கும்படி கேட்டிருக்கிறது என்பதையும் தெரிவித்தார்கள்.

2012 ஜனவரியில் வெஸ்ட்மின்ஸ்டர் நீதிமன்றம் அவரை ஒப்படைக்கலாம் என்று தீர்ப்பளித்தது. மார்ச்சில் அன்றைய உள்துறை அமைச்சர் தெரசா மே ஒப்புதல் அளித்தார். விக்கிப்பீடியாவின் நிறுவனர்களுள் ஒருவரான ஜிம்மி வேல்ஸ் தொடங்கிய இணைய மனுவில் 2 லட்சம் பேருக்கு மேல் கையெழுத்திட்டார்கள். மேல்முறையீடு நிலுவையில் இருந்தபோதே, அவர் தாமாக நியூயார்க் சென்று, 20,000 பவுண்டு செலுத்தி, இனிப் பதிப்புரிமைச் சட்டத்தை மீறுவதில்லை என்று உறுதியளித்தால் வழக்கைக் கைவிடுவதாக உடன்பாடு ஏற்பட்டது. அந்த ஆண்டு டிசம்பரில் அப்படியே முடிந்தது.

அவர் செய்தது சரி என்று வாதாடுவதற்காக இதை எழுதவில்லை. தளத்தை உருவாக்கியது, நடத்தியது என எல்லா வேலையையும் தம் நாட்டில் இருந்தபடியே செய்த ஒருவர்மீது, அந்த நாடே வழக்குத் தொடர விரும்பாதபோது, அவரை மற்றொரு நாட்டின் சிறை வாசல்வரை அனுப்பிவைக்க அந்த நாட்டுக்கு என்ன அறம் இருக்கிறது என்பதே என் கேள்வி.

பதிவு 2 | நான்காம்சுவர்

தொடக்கப் பதிவில் எல்லாரும் இருக்கிறார்கள், உரிமையை இழந்தவரைத் தவிர. ஆகவே அந்தத் தரப்பிலிருந்து நான் பேசுகிறேன்.

நான் வரைகலையைக் கற்பிக்கும் காணொளிப் பாடங்களை உருவாக்கி விற்றுப் பிழைப்பவன். எட்டு மாதம் உழைத்து முடித்த ஒரு பாடத்தொகுப்பு, வெளியான ஒன்பதாம் நாள், மூன்றாவது காணொளியில் நான் இருமிய இருமல் உட்பட அப்படியே ஓர் இணைப்புத் தளத்தின் வழியாகக் கிடைத்தது. பக்கத்தின் வலப்புறம் மூன்று விளம்பரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. அந்தத் தளத்துக்காரரும் "நான் எதையும் சேமித்து வைக்கவில்லை, இணைப்பு மட்டுமே தந்தேன்" என்றுதான் சொல்லியிருப்பார். திருட்டுப் பொருள் எந்த வீட்டில் இருக்கிறது என்று பலகை எழுதி மாட்டி, பலகையைப் பார்க்க வருபவர்களிடம் காசு பார்ப்பவருக்கும் திருட்டில் பங்கு உண்டு.

வெளிநாட்டில் அமர்ந்துகொண்டு ஒரு வங்கியின் கணினிக்குள் நுழைந்து பணத்தை எடுப்பவரை ஒப்படைப்பதில் இங்கே யாருக்கும் தயக்கம் இருக்காது. இழப்பு எங்கே நேர்ந்ததோ அங்கே விசாரணை என்பதை அந்த வழக்கில் ஏற்றுக்கொள்கிறோம். பறிபோனது பணமாக இல்லாமல் படைப்பாக இருந்தால் மட்டும் ஏன் "கடல் கடந்து கொண்டுபோகலாமா" என்று மனம் இளகுகிறது? எல்லைக்கு அப்பால் இருப்பது ஒரு பாதுகாப்பு என்று ஆகிவிட்டால், எல்லாரும் எல்லைக்கு அப்பால் போய்த்தான் கடை விரிப்பார்கள்.

பதிவு 3 | வாய்தா

முதலில் ஒரு சொல்லைப் பற்றி. நம் செய்தித்தாள்கள் இதற்குக் 'குற்றவாளிகளை ஒப்படைக்கும் ஒப்பந்தம்' என்றே எழுதுகின்றன. விசாரணையே தொடங்காத ஒருவரை அந்தத் தலைப்பு குற்றவாளி ஆக்கிவிடுகிறது. 'நாடு கடத்தல்' என்பதோ வேறொன்று; தங்கும் அனுமதி இல்லாத அயல்நாட்டவரை வெளியேற்றுவதற்கும் அதைத்தான் சொல்கிறோம். பைரேட் பே என்ற கோப்புப் பகிர்வுத் தளத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவரான காட்ஃபிரிட் ஸ்வார்த்தோல்ம் 2012இல் கம்போடியாவிலிருந்து ஸ்வீடனுக்கு அனுப்பப்பட்டது அந்த இரண்டாம் வகை. இரு நாடுகளுக்கும் இடையே ஒப்படைப்பு ஒப்பந்தமே அப்போது இல்லை. இங்கே நாம் பேசுவது, ஒப்பந்தத்தின்படி, நீதிமன்றத்தின் வழியாக, குற்றம் சாட்டப்பட்டவரை ஒப்படைப்பதைப் பற்றி.

நான்காம்சுவர் அவர்களின் வங்கி உவமைக்கு வருகிறேன். ஒப்படைப்புச் சட்டத்தின் முதல் தூண் இரட்டைக் குற்றத்தன்மை: அந்தச் செயல் கேட்கும் நாட்டிலும் கொடுக்கும் நாட்டிலும் குற்றமாக இருக்க வேண்டும். பிரிட்டனில் அது குறைந்தது 12 மாதச் சிறைத் தண்டனைக்கு உரியதாகவும் இருக்க வேண்டும். அடுத்தவர் கணக்கில் புகுந்து பணம் எடுப்பது எங்கும் குற்றம். அதில் இரண்டு கருத்து இல்லை. இணைப்புத் தருவது குற்றமா என்பதிலோ, அந்தக் காலத்தில் ஒரே நாட்டின் நீதிமன்றங்களுக்கு இடையிலேயே ஒத்த கருத்து இருக்கவில்லை. 2010இல் டிவி லிங்ஸ் என்ற, ஏறத்தாழ இதே வகையான, தளத்தின்மீதான வழக்கை இங்கிலாந்தின் குளாஸ்டர் கிரௌன் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அந்தத் தளம் தகவலைக் கடத்தும் வெறும் வழித்தடமே என்பது அங்கே ஏற்கப்பட்டது. ஓ'டுவயர் வழக்கில், யார் இணைப்புகளைச் சேர்க்கலாம் என்பதை அவர் தரப்பே தேர்ந்தெடுத்துக் கட்டுப்படுத்தியது என்று கூறி நீதிபதி அதை வேறுபடுத்தினார். பொதுவில் தடையின்றிக் கிடைக்கும் படைப்புக்கு இணைப்புத் தருவது மீறல் ஆகாது என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2014இல் சொன்னது. 2016இல் அதே நீதிமன்றம், அனுமதியின்றி வெளியிடப்பட்ட படைப்புக்கு இலாப நோக்கோடு இணைப்புத் தருபவர் அது அனுமதியற்றது என்று அறிந்தே தந்ததாகக் கொள்ளப்படும் என்று சேர்த்துக்கொண்டது. சட்டம் தெளிவடையவே இத்தனை ஆண்டுகள் ஆயின. தளம் நடந்த காலத்திலேயே ஒரு மாணவர் அதைத் தெளிவாக அறிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தது சற்று அதிகம்தான்.

ஒப்படைப்பு நீதிமன்றம் இந்தச் சிக்கலை அவிழ்ப்பதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். "சொல்லப்பட்டதெல்லாம் மெய்யென்றே கொண்டால், அது இங்கேயும் குற்றமா?" என்பதோடு அதன் கேள்வி நின்றுவிடும். மெய்யா என்ற கேள்வி கடல் கடந்த பிறகுதான் எழும்.

பதிவு 4 | பழைய_நிரலர்

டாட் நெட் முகவரியைப் பற்றி யாரும் நின்று பேசவில்லை. எனக்கு அதுவே இந்த விவாதத்தின் நடுப்புள்ளி.

டிவிஷேக்கின் சர்வர் அமெரிக்காவில் இல்லை என்பது அவர் தரப்பின் வாதம். ஆனால் டாட் காம், டாட் நெட் என்று முடியும் முகவரிகள் எல்லாவற்றின் மூலப் பதிவேட்டையும் வெரிசைன் என்ற நிறுவனம் நிர்வகிக்கிறது. அது வர்ஜீனியாவில் இருக்கிறது. பதிவேட்டில் ஒரு வரியை மாற்றச் சொல்லி அமெரிக்க நீதிமன்றம் ஆணையிட்டால், உலகின் எந்த மூலையில் இருந்து அந்த முகவரியைத் தட்டினாலும் தளம் வராது. அரசு முத்திரைகள் பொறித்த கைப்பற்றல் அறிவிப்புதான் வரும். அந்த அறிவிப்பை நான் முதன்முதலில் பார்த்தது ஒரு நண்பரின் திரையில். அவர் தம் வீட்டில், தம் நாட்டில், தம் சொந்தச் சர்வரில் எல்லாம் ஓடிக்கொண்டிருப்பதைக் கட்டளைச் சாளரத்தில் ஒன்றுக்கு மூன்று முறை சரிபார்த்தார். சர்வர் நலமாக இருந்தது. அதன் பெயர் மட்டும் வேறொருவர் கைக்குப் போயிருந்தது. (ஓ'டுவயர் தப்பிச் சென்ற டாட் சிசி முகவரிகளையும் நிர்வகிப்பது அதே வெரிசைன்தான் என்பதைப் படித்தபோது சிரிப்பதா வருந்துவதா என்று தெரியவில்லை.)

முகவரியைக் கைப்பற்றுவதோடு நின்றிருந்தால் எனக்குப் பெரிய மறுப்பு இல்லை. பெயரின் பதிவேடு எங்கள் நாட்டில் இருக்கிறது, ஆகவே அந்தப் பெயரைப் பயன்படுத்தியவரும் எங்கள் சட்டத்துக்கு உட்பட்டவர் என்று முகவரியைக் கைப்பற்றிய அந்த அமெரிக்க முகமையின் அதிகாரி ஒருவர் 2011இல் வெளிப்படையாகவே சொன்னாரே, அதுதான் அச்சமூட்டுகிறது. ஆண்டுக்கு ஒருமுறை சிறு கட்டணம் கட்டி ஒரு பெயரை வாங்குபவர், கூடவே ஓர் அயல்நாட்டின் குற்றவியல் சட்டத்தையும் வாங்கிக்கொள்வதாக எந்த ஒப்புதல் படிவத்திலும் படித்திருக்க மாட்டார்.

இதற்கும் முந்தைய வழக்கு ஒன்று உண்டு; இணைய முகவரிகூட அதில் காரணம் இல்லை. ஹியூ ரேமண்ட் கிரிஃபித்ஸ் ஏழு வயதில் பிரிட்டனிலிருந்து ஆஸ்திரேலியா சென்று அங்கேயே வாழ்ந்தவர்; அமெரிக்காவில் ஒருபோதும் கால் வைத்ததில்லை. மென்பொருள்களின் பூட்டை உடைத்துப் பரப்பிய டிரிங்க் ஆர் டை என்ற குழுவின் தலைவர்களுள் ஒருவர் என்பது குற்றச்சாட்டு. அந்தக் குழு பரப்பியவற்றின் மதிப்பு 5 கோடி டாலருக்கு மேல் என்றது அமெரிக்க நீதித்துறை. அவர் அதில் பணம் ஈட்டியதாக யாரும் காட்டவில்லை. 2003இல் வர்ஜீனியாவில் குற்றம் சாட்டப்பட்டது. 2004இல் உள்ளூர் நீதிபதி ஒப்படைக்க மறுத்தார். மேல் நீதிமன்றங்கள் அதை மாற்றின. ஆஸ்திரேலியச் சிறையில் ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் காத்திருந்து, 2007 பிப்ரவரியில் கொண்டுசெல்லப்பட்டு, ஏப்ரலில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, ஜூனில் 51 மாதத் தண்டனை பெற்றார். அதே குழுவின் பிரிட்டிஷ் உறுப்பினர்கள் 2005இலேயே லண்டனில், தங்கள் நாட்டு நீதிபதியின் முன், விசாரிக்கப்பட்டுத் தண்டனை பெற்று முடித்திருந்தார்கள். ஒரே குழு, ஒரே குற்றச்சாட்டு. ஒருவரை மட்டும் பசிபிக்கைத் தாண்டிக் கொண்டுபோக வேண்டிய தேவை என்ன என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

பதிவு 5 | துணைஉரை

நான் ஓரமாக இருந்து படித்துவருகிறேன். ஒரு சிறு ஐயம். தண்டனையின் அளவு இரு நாடுகளிலும் வேறாக இருந்தால் நீதிமன்றம் அதைக் கணக்கில் கொள்ளாதா?

பதிவு 6 | வாய்தா

பொதுவாகக் கொள்ளாது. குறைந்தபட்ச வரம்பைத் தாண்டினால் போதும். ஓ'டுவயர் வழக்கு நடந்தபோது பிரிட்டனில் இணையவழிப் பதிப்புரிமைக் குற்றத்துக்கு உச்சத் தண்டனை இரண்டு ஆண்டுகள்; அமெரிக்காவில் அவர்மீது சாட்டப்பட்ட இரண்டு குற்றங்களுக்கும் தலா ஐந்து ஆண்டுகள். 2017இல்தான் பிரிட்டன் தன் உச்சத்தைப் பத்தாக உயர்த்தியது.

பதிவு 7 | நான்காம்சுவர்

மாணவரையும், பணம் ஈட்டாத ஆர்வலரையும் முன்னிறுத்தினால் யார் நெஞ்சும் கனியும். கோப்புகளைச் சேமித்துப் பகிரும் தளமான மெகாஅப்லோடை ஏன் யாரும் எடுக்கவில்லை?

அதன் நிறுவனர் கிம் டாட்காம் மீதான 2012ஆம் ஆண்டுக் குற்றப்பத்திரிகையின்படி அந்த நிறுவனம் ஈட்டியது 17.5 கோடி டாலர். உரிமையாளர்களுக்கு ஏற்பட்ட இழப்பு 50 கோடி டாலருக்கு மேல். வர்ஜீனியாவில் நூற்றுக்கணக்கான சர்வர்களை வாடகைக்கு எடுத்து நடத்திய தொழில் அது. அமெரிக்காவின் மின்சாரத்தில் ஓடி, அமெரிக்கப் படைப்புகளால் வளர்ந்து, அமெரிக்க வாடிக்கையாளர்களிடம் சந்தா வாங்கிய ஒருவர், "என் வீடு நியூசிலாந்தில் இருக்கிறது" என்று சொன்னால் அதுவும் நியாயம் ஆகிவிடுமா? பழைய நிரலர் ஐயா பெயர்ப் பதிவேட்டைப் பற்றிச் சொன்னதை ஓரளவு ஏற்கிறேன். ஆனால் இங்கே சர்வரே அங்கேதான் இருந்தது.

பதிவு 8 | வாய்தா

நல்ல வேளையாக அந்த வழக்கை எடுத்தீர்கள். இந்த விவாதத்துக்கு அதைவிடச் சிறந்த சோதனைக்கூடம் கிடையாது.

2012 ஜனவரி 20 அன்று ஆக்லாந்துக்கு அருகே கோட்ஸ்வில்லில் உள்ள டாட்காமின் மாளிகையில் ஹெலிகாப்டர்களில் காவலர்கள் இறங்கினார்கள். அவர்கள் கையில் இருந்த சோதனை ஆணைகள் செல்லாது என்று உயர் நீதிமன்றம் ஜூனில் கூறியது. 2014இல் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. அந்நாட்டின் தகவல் தொடர்பு உளவு அமைப்பு அவரைச் சட்டத்துக்குப் புறம்பாக வேவு பார்த்தது வெளிப்பட்டு, பிரதமர் ஜான் கீ 2012 செப்டம்பரில் மன்னிப்புக் கேட்டார். 2015 டிசம்பரில் மாவட்ட நீதிமன்றம் ஒப்படைக்கலாம் என்றது. 2017இல் உயர் நீதிமன்றம் முடிவை ஏற்று, காரணத்தை மாற்றியது: பதிப்புரிமைப் படைப்பை இணையவழியே பொதுமக்களுக்குக் கிடைக்கச் செய்வது நியூசிலாந்துச் சட்டத்தில் குற்றவியல் குற்றமே ஆகாது, ஆயினும் மோசடிக் கூட்டுச்சதி என்ற வகையில் ஒப்படைக்கலாம் என்றது. அடுத்த ஆண்டே மேல்முறையீட்டு நீதிமன்றம், இல்லை, பதிப்புரிமைச் சட்டத்தின்படியும் அது குற்றம்தான் என்றது. 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் 13 குற்றச்சாட்டுகளில் 12க்கு ஒப்படைக்கலாம் என்று கூறி, நடைமுறை தொடர்பான அவருடைய முறையீட்டை மட்டும் விட்டுவைத்தது. 2024 ஆகஸ்டில் நீதி அமைச்சர் பால் கோல்ட்ஸ்மித் ஒப்படைப்பு ஆணையில் கையெழுத்திட்டார்.

பன்னிரண்டு ஆண்டுகள். இத்தனை காலமும் நீதிமன்றங்கள் ஆராய்ந்தது அவர் குற்றம் செய்தாரா என்பதை அன்று. குற்றம் செய்தாரா என்று விசாரிக்க அவரை அனுப்பலாமா என்பதை. இந்தக் காத்திருப்பால் உரிமையாளர்களுக்கு என்ன பயன் என்பதை நான்காம்சுவர் யோசிக்க வேண்டும்.

இனிச் சொல்லப்போவதுதான் முக்கியம். அவரோடு குற்றம் சாட்டப்பட்ட மத்தியாஸ் ஓர்ட்மன், பிராம் வான் டெர் கோல்க் இருவரும் 2022இல் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். அதன்படி அமெரிக்கா ஒப்படைப்புக் கோரிக்கையைக் கைவிடும். நியூசிலாந்தே தன் சட்டத்தின்கீழ் அவர்கள்மீது வழக்குத் தொடரும். அவர்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். 2023 ஜூனில் ஒருவருக்கு 2 ஆண்டு 7 மாதமும், மற்றவருக்கு 2 ஆண்டு 6 மாதமும் சிறை விதிக்கப்பட்டது. அதே நிறுவனம், அதே சர்வர்கள், அதே கோப்புகள். பத்தாண்டுகளாக முடியாது என்று கருதப்பட்ட உள்நாட்டு விசாரணை, மனம் வைத்ததும் ஓராண்டு சொச்சத்தில் முடிந்தது. 2012இலேயே இதைச் செய்திருந்தால் எல்லாரும் எப்போதோ தண்டனையை முடித்து வெளியே வந்திருப்பார்கள்.

பதிவு 9 | பிழைதிருத்தி

வாய்தா அவர்கள் 'மோசடிக் கூட்டுச்சதி' என்று குறிப்பிட்டதை நான் விடப்போவதில்லை. பதிப்புரிமை மீறலுக்கு மோசடி, சதி, பணமோசடி என்று கனமான சட்டைகளை மாட்டிவிடுவது, ஒப்படைப்பு வரம்புக்குள் அதைக் கொண்டுவரும் வழியாக ஆகிவிட்டது. வேடிக்கை என்னவென்றால், அமெரிக்க நீதிமன்றங்களே ஒரு காலத்தில் இதற்கு அணை போட்டிருந்தன. எல்விஸ் பிரெஸ்லியின் பாடல்களை அனுமதியின்றித் தட்டுகளாக அச்சிட்டு விற்ற ஒருவரின் வழக்கில், அந்தத் தட்டுகளை 'திருட்டுப் பொருள்' என்ற சட்டத்தின்கீழ் கொண்டுவர முடியாது என்று 1985இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கூறியது. பதிப்புரிமையை மீறுபவர் உரிமையாளரின் உரிமையில் கை வைக்கிறாரே தவிர, அதை அவரிடமிருந்து பிடுங்கிக்கொண்டு போவதில்லை என்பது அதன் சாரம். 1994இல், இலாப நோக்கின்றி மென்பொருள்களைப் பகிரும் கணினி அறிவிப்புப் பலகையை நடத்திய எம்ஐடி மாணவர் ஒருவர்மீது தந்தி வழி மோசடிச் சட்டத்தை ஏவியபோதும் நீதிபதி வழக்கைத் தள்ளினார். வேண்டுமானால் நாடாளுமன்றம் புதிதாகச் சட்டம் இயற்றட்டும் என்றார். 1997இல் இயற்றினார்கள். நான்காம்சுவர் சொன்ன 'திருட்டுப் பொருளுக்குப் பலகை' உவமை கேட்க எடுப்பாக இருக்கிறது. ஆனால் அந்த உச்ச நீதிமன்றமே ஏற்காத உவமை அது.

மற்றொன்று, போய்ச் சேர்ந்த பிறகு நடப்பது. அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்களில் தண்டனை பெறுபவர்களில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் முழு விசாரணையைச் சந்திக்காமல், குற்றத்தை ஒப்புக்கொண்டே தண்டனை பெறுகிறார்கள். உள்ளூரில் வீடோ வேலையோ உறவோ இல்லாதவர் தப்பியோடக்கூடும் என்று கருதப்படுவதால் பிணை கிடைப்பதும் அரிது. சாட்சிகள் எல்லாம் தம் நாட்டில், வழக்கறிஞர் புதியவர், அவருடைய கட்டணமோ டாலரில். "ஒப்புக்கொண்டால் இத்தனை மாதம், போராடித் தோற்றால் இத்தனை ஆண்டு" என்று ஒரு தாளை நீட்டினால், குற்றமற்றவரும் பேனாவைத் தேடுவார். கிரிஃபித்ஸ் பிப்ரவரியில் போய் ஏப்ரலில் ஒப்புக்கொண்டதை இந்த வெளிச்சத்தில் படித்துப் பாருங்கள். அவருடைய சட்ட வாதங்கள் சரியா தவறா என்பதை அங்கே ஒரு நடுவர் குழுவும் கேட்கவில்லை.

பதிவு 10 | நான்காம்சுவர்

உவமையைத் திரும்பப் பெறுகிறேன். பறிபோனது பொருள் அல்ல, வருவாய். அதைச் சொல்லத் திருட்டு என்ற சொல்தான் என் கைக்கு எட்டியது.

நியூசிலாந்து எடுத்துக்காட்டும் என்னை யோசிக்க வைத்துவிட்டது. அவரவர் நாட்டிலேயே விசாரிக்கட்டும் என்பதை ஏற்க எனக்குத் தடையில்லை. ஆனால் அது காகிதத்தில் உள்ள வழி. என் பாடங்களைப் பரப்பிய தளத்தை நடத்தியவர் இருந்த நாட்டை ஒருவழியாகக் கண்டுபிடித்து, அந்நாட்டுக் காவல்துறையின் இணையக் குற்றப் பிரிவுக்கு முறைப்படி புகார் அனுப்பினேன். பதிப்புரிமைச் சான்று, திரைப்பிடிப்புகள், கொள்முதல் பதிவுகள், மொழிபெயர்த்த உறுதிமொழி என்று 61 பக்கம். மறுநாளே ஓர் எண் வந்தது. அதன் பிறகு பதினான்கு மாதம் அந்த எண் மட்டும்தான் என்னிடம் இருந்தது. நினைவூட்டல் அனுப்பும்போதெல்லாம் புதிதாக ஓர் எண் தந்தார்கள். பெரிய படத் தயாரிப்பு நிறுவனங்களுக்காக ஓர் அரசே எழுந்து நின்று ஒப்படைப்புக் கோருகிறது. என்னைப் போன்றவனுக்கு எந்த அரசும் எழப்போவதில்லை. ஆகவே ஒப்படைப்பு நியாயமற்றது என்று நீங்கள் சொல்வதைக் கேட்கும்போது, "சொந்த நாட்டில் விசாரிப்போம்" என்பதற்கு "விசாரிக்காமல் விடுவோம்" என்று பொருள்படுமோ என்ற அச்சம் எனக்கு இருக்கிறது.

பதிவு 11 | பழைய_நிரலர்

உங்கள் குறை நியாயமானது, தம்பி. ஆனால் ஒப்படைப்பு ஒப்பந்தத்தால் உங்களுக்கும் எதுவும் கிடைக்கவில்லையே. அது நாட்டுக்கு நாடு இடையிலான கருவி. அதைத் தூக்கிப் பிடிக்க வலுவுள்ளவர்களுக்காகவே தூக்கப்படுகிறது. ஓ'டுவயரையும் டாட்காமையும் கேட்டுப் போனது, உலகின் மிகப்பெரிய படத் துறையைத் தன்னிடத்தில் வைத்திருக்கும் நாடு. ஒரு சிறிய நாட்டின் பாடலாசிரியருக்காக அந்தச் சிறிய நாடு கலிஃபோர்னியாவில் இருந்து யாரையாவது ஒப்படைக்கச் சொல்லிக் கேட்டதாக நான் படித்ததில்லை.

பதிவு 12 | துணைஉரை

உள்நாட்டில் விசாரித்து உண்மையிலேயே தண்டித்த எடுத்துக்காட்டு, நியூசிலாந்து தவிர, வேறு உண்டா?

பதிவு 13 | வாய்தா

உண்டு. பைரேட் பே வழக்கே அதுதான். உரிமையாளர்களில் பலர் அமெரிக்க நிறுவனங்கள். ஆயினும் விசாரணை ஸ்டாக்ஹோமில் நடந்தது. 2009 ஏப்ரலில் நால்வருக்குத் தலா ஓராண்டுச் சிறையும், கூட்டாக 3 கோடி ஸ்வீடன் குரோனர் இழப்பீடும் விதிக்கப்பட்டன. மேல்முறையீட்டில் மூவரின் சிறைக்காலம் குறைந்து, இழப்பீடு 4.6 கோடியாக உயர்ந்தது. நிறுவனங்கள் தங்கள் சாட்சிகளை விமானத்தில் அனுப்பிவைத்தன. பயணச் செலவைத் தாங்கக்கூடியவர் பயணம் செய்தார். இதில் எனக்கு ஓர் ஒழுங்கு தெரிகிறது.

பிரிட்டனும் பாடம் கற்றது. 2012 அக்டோபரில், கணினி ஊடுருவல் வழக்கில் கேரி மெக்கின்னனை ஒப்படைக்க மறுத்தபோதே, விசாரணைக்கு உரிய இடம் எது என்பதைப் பார்க்கும் அதிகாரத்தை நீதிமன்றங்களுக்கு வழங்கப்போவதாகத் தெரசா மே அறிவித்தார். 2013இல் அந்தத் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. செயலின் பெரும்பகுதி பிரிட்டனில் நடந்திருந்தால், இழப்பு எங்கே நேர்ந்தது, சாட்சிகள் எங்கே இருக்கிறார்கள், குற்றம் சாட்டப்பட்டவரின் வாழ்க்கை எங்கே வேரூன்றியிருக்கிறது என்பவற்றை எல்லாம் எடைபோட்டு, ஒப்படைப்பது நீதிக்கு உகந்ததல்ல என்று நீதிபதி தடுக்கலாம். 2018இல் லாரி லவ் வழக்கில் இந்தப் பிரிவின்கீழ் ஒப்படைப்பு தடுக்கப்பட்டது; அதுவும் ஊடுருவல் வழக்குதான். இழப்பு நேர்ந்த இடமும் அந்தப் பட்டியலில் இருக்கிறது என்பதை நான்காம்சுவர் கவனிக்கலாம். அவர் தரப்பை அந்தச் சட்டம் மறந்துவிடவில்லை. ஓ'டுவயருக்கு இந்தப் பிரிவு சில மாதங்கள் தாமதமாக வந்தது.

'விசாரிக்காமல் விட்டுவிடுவார்களோ' என்ற அச்சத்துக்கும் பழைய மருந்து ஒன்று உண்டு. ஜெர்மனி போன்ற நாடுகள், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே தம் குடிமக்களை ஒப்படைப்பதில்லை என்று அரசியலமைப்பிலேயே எழுதி வைத்திருக்கின்றன. அத்தகைய நாடுகளுக்காக உருவானது 'ஒப்படை, அல்லது விசாரி' என்ற நெறி. 2001ஆம் ஆண்டின் புடாபெஸ்ட் இணையக் குற்ற உடன்படிக்கை, வணிக அளவிலான பதிப்புரிமை மீறலையும் தன் குற்றப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. குடிமகன் என்பதற்காகவோ, விசாரிக்கும் அதிகாரம் தனக்கே உண்டு என்பதற்காகவோ ஒரு நாடு ஒப்படைக்க மறுத்தால், கேட்ட நாடு வேண்டும்போது, மறுத்த நாடு அந்த வழக்கைத் தன் அதிகாரிகளிடம் கொண்டுசென்றாக வேண்டும். அதன் முடிவைக் கேட்ட நாட்டுக்குத் தெரிவிக்கவும் வேண்டும். அந்தக் கடமை கட்டாயமானது.

பதிவு 14 | நான்காம்சுவர்

அப்படியானால் நான் இறங்கி வருகிறேன். செயலும் ஆளும் ஒரே நாட்டில் இருந்து, அந்த நாடு உண்மையாகவே கோப்பைத் திறக்கும் என்றால், ஒப்படைப்பு வேண்டாம். திறக்க மறுத்தால் என் பழைய நிலைப்பாட்டுக்கே திரும்பிவிடுவேன். அந்த உடன்படிக்கையில் முடிவைத் தெரிவிக்கக் காலக்கெடு ஏதும் குறிப்பிடப்பட்டிருக்கிறதா?

பதிவு 15 | வாய்தா

'உரிய காலத்தில்' என்று மட்டும் இருக்கிறது. அதற்கு என்ன பொருள் என்பதை என் புனைபெயரைப் பார்த்தே நீங்கள் ஊகித்திருப்பீர்கள்.